தலைசுற்றினால் கழுத்துப் பட்டையா?

மேடவாக்கம் கூட்ரோட்டில் காலை எட்டு மணிக்கு நின்று பாருங்கள். சோழிங்கநல்லூர் பக்கம் போகிற கம்பெனி வேன்களில் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவர் டிரைவர் மட்டும்தான். மற்றவர்கள் எல்லாம் மோவாய் நெஞ்சில் இடிக்க செல்போனில் மூழ்கியிருப்பார்கள். இப்படியே இருந்தால் கழுத்து வலிக்கும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கால் தடுமாறும் என்றால்தான் சிரிப்பார்கள்.

என் மனைவியும் சிரித்தாள். 2020ல், கொரோனா சமயம், வீட்டிலிருந்தே வேலை. டைனிங் டேபிள்தான் ஆபீஸ். நாலே மாதத்தில் பின்கழுத்து கல் மாதிரி இறுகிவிட்டது. மாடிப்படி இறங்கும்போது, "என்னங்க, படி நகர்ற மாதிரி இருக்கு" என்பாள். ஒருநாள் துணி காயப்போட்டுவிட்டு இறங்கியவள் கடைசி மூன்று படிகளில் உருண்டாள். நல்லவேளை, மணிக்கட்டோடு போயிற்று.

நாம் விழாமல் நிற்க மூளைக்கு மூன்று பக்கமிருந்து சேதி போக வேண்டும். கண், உட்காது, பிறகு தசைகளும் மூட்டுகளும். தலை அசைகிறது என்று காது சொல்லும். ஆனால், தலை மட்டும் அசைகிறதா, உடம்பும் சேர்ந்தா? அதைச் சொல்வது கழுத்து. மண்டைக்குக் கீழே இருக்கும் குட்டித் தசைகளுக்கு இதில் பெரிய பங்கு. அவை இறுகிப்போனால் காது ஒன்று சொல்ல, கழுத்து வேறொன்று சொல்லும். மூளை குழம்பாமல் என்ன செய்யும்? 1977ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், கழுத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டார்கள். நன்றாக இருந்தவர்களே தள்ளாடினார்கள். கரகம் ஆடுகிறவர்களைக் கவனியுங்கள். கால் என்ன ஆட்டம் போட்டாலும் கழுத்து நிமிர்ந்தே இருக்கும்!

இதைப் படித்துவிட்டு, "அப்போ என் தலைசுற்றலுக்கும் கழுத்துதான் காரணம்" என்று கிளம்பிவிடாதீர்கள். என் சண்டையே அதனோடுதான். தலைசுற்றுகிறது என்றாலே எக்ஸ்ரே, 'எலும்பு தேய்ஞ்சிருக்கு', உடனே கழுத்துப் பட்டை. ஐம்பதைத் தாண்டிய பெரும்பாலோருக்கு எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரியத்தான் செய்யும், தலையே சுற்றாதவர்களுக்கும்! பட்டையை மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டால் கழுத்துத் தசைகள் இன்னும் பலவீனமாகும், அவ்வளவுதான் பலன்.

படுக்கையில் புரளும்போது அரை நிமிஷம் அறையே சுழல்கிறதா? அது பெரும்பாலும் உட்காதில் துகள் இடம் மாறிய கோளாறு. தலையைக் குறிப்பிட்ட விதமாகத் திருப்பி அதைச் சரிசெய்யும் முறையை எப்லி என்ற அமெரிக்க டாக்டர் 1992ல் எழுதினார். காது மூக்கு தொண்டை டாக்டர் சில நிமிஷத்தில் செய்துவிடுவார். ரத்தசோகை, சர்க்கரை, எழுந்ததும் பிரஷர் இறங்குவது, சாப்பிடுகிற மாத்திரை... இதையெல்லாம் பார்த்துத் தள்ளிய பிறகுதான் கழுத்தின் மேல் பழி போட வேண்டும். என் மனைவிக்கு அப்படித்தான் பார்த்தார்கள்.

பேச்சு குழறினால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், கை கால் இழுத்தால் இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். உடனே 108.

இன்னொன்று. சலூனில் முடி வெட்டியதும், "சார், ஒரு நெட்டி எடுக்கட்டுமா?" என்று கழுத்தைத் திருகுவார்களே, காசு கூடக் கொடுத்தாவது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு.

என் மனைவிக்கு பிசியோதெரபிஸ்ட் சொன்னது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அரை மணிக்கு ஒருதரம் எழுந்து நடப்பது. மோவாயைப் பின்னுக்கு இழுத்து ஐந்து எண்ணுவது. உட்கார்ந்து, கண்ணை மூடித் தலையை மெதுவாகத் திருப்பி, மறுபடி நேராகக் கொண்டுவந்து, கண்ணைத் திறந்து சரியாக வந்ததா என்று பார்ப்பது. முதல் வாரம் தினமும் கோணல்தான்!

லேப்டாப் திரை கண் மட்டத்துக்கு வர, அடியில் என் பழைய தீபாவளி மலர்கள் ஆறு. தனி கீபோர்டு ஒன்று. மூன்றாவது மாதம் கைப்பிடியைத் தொடாமல் மாடியிலிருந்து இறங்கிவந்தாள். மலர்களை மட்டும் இன்னும் திருப்பித் தரவில்லை.