அரை மணி நேரத்தில் மலை இறங்கி ஏற முடியுமா?

இடைவெளிக்குப் பின் வேலைக்குத் திரும்பும் பெண்கள் என்றதும் கம்பியூட்டரும் குளிரூட்டிய அறையும்தான் பலருக்கு நினைவில் வரும். 2008இல் இந்தியாவின் டாட்டா குழுமம் அவர்களுக்கென்றே தனித் திட்டம் தொடங்கியது. இலங்கையின் வலப்பனைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில், ராகலையிலும் உடப்புசல்லாவையிலும், காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) வந்து நிற்கும் பிள்ளைக்காரியை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

அவளுக்குச் சட்டம் தரும் மகப்பேற்று விடுமுறை 84 நாள். அதுவும் எல்லோருக்கும் இருக்கவில்லை. இரண்டு பிள்ளைகள் இருந்தால் அடுத்த பிரசவத்துக்கு 42 நாள்தான் என்ற விதி 2018இல்தான் நீங்கியது. அந்த 84இலும் இரண்டு வாரம் பிரசவத்துக்கு முன்பே போய்விடும். ஆக, தாய் கொழுந்துக் கூடையைத் தூக்கும்போது பிள்ளைக்கு மூன்று மாதம்கூட ஆகியிருக்காது.

பிறகுதான் உண்மையான சங்கடம். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பாலூட்ட வேலைக்கிடையில் இரண்டு இடைவேளை தருகிறது. பிள்ளை மடுவம் (குழந்தைக் காப்பகம்) இல்லாத இடத்தில் ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். இருந்தால் அரை மணி. அடுத்த கட்டடத்தில் மடுவம் உள்ள தொழிற்சாலைக்கு இது பொருந்தும். வலப்பனைத் தோட்டங்களில் மடுவம் லயத்துக் குடியிருப்புப் பக்கம் இருக்கும்; அன்றைக்குக் கொழுந்தெடுக்கும் மலை எங்கோ மேலே இருக்கும். இறங்கக் கால் மணி, ஏற அதைவிடக் கூட. பிள்ளை எப்போது பால் குடிப்பது? மடுவம் கட்டிக்கொடுத்த காரணத்தாலேயே தாயின் நேரம் பாதியாகிவிட்டது!

அவள் இறங்கிப்போன நேரம் தராசுக்குத் தெரியாது. தோட்டத்துக்குத் தோட்டம் மாறினாலும், நாளுக்கு 18, 20 கிலோ கொழுந்து என்று போட்ட அளவு அவளுக்கும் அதேதான். குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான்.

 

இதைச் சரிசெய்யக் கோடிகள் தேவையில்லை. திரும்பிய முதல் ஆறு மாதம் பாதி அளவுக்கே முழுப்பேர் போடலாம். மடுவத்துக்குக் கிட்டிய மலையில் நிரை கொடுக்கலாம். அரை மணியை மடுவத்து வாசலில் இருந்து எண்ணலாம். மகப்பேற்று விடுப்பு முடிந்து வரும் பெண் காவலர்கள் பெற்றோரோ கணவர் வீட்டாரோ இருக்கும் மாவட்டத்தில் மூன்று வருடம் பணியாற்றலாம் என்று 2024இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. பொலிஸ் வேலையிலேயே மாவட்டத்தை மாற்றித் தரலாமென்றால், தோட்டத்தில் மலையை மாற்றித் தருவதில் என்ன கஷ்டம்?

ஆட்கள் கொழும்புக்கு ஓடுகிறார்கள், மலை காடாகிறது என்று கம்பனிகள் புலம்புகின்றன. திரும்பி வந்து நிற்பவளைத் தக்கவைக்க இவ்வளவாவது செய்யட்டும். தொழிற்சங்கங்களும் அடுத்த பேச்சுவார்த்தையில் நாட்சம்பளத்தோடு இந்த அரை மணியையும் மேசையில் வைக்க வேண்டும்.