காட்டுப் பாதை யாருக்கு?

கிண்டி தேசியப் பூங்கா 1978-இல் அறிவிக்கப்பட்டது. அதற்குள் நினைத்தபடி நடக்க முடியாது. 1972 வனவிலங்குச் சட்டப்படி அனுமதி வேண்டும். மான் பிளாஸ்டிக் தின்னும் காலத்தில் கட்டுப்பாடு தேவைதான். (நடக்க வருவோர் போடும் குப்பையை யார் பொறுக்குகிறார்கள் என்பதையும் பேசலாம்.)

தாம்பரத்தை ஒட்டிய நன்மங்கலம், வண்டலூர் காப்புக்காடுகளின் ஓரத்தில் கேள்வியே வேறு. கேமராவோடு வருபவர் இயற்கை ஆர்வலர். சுள்ளிக்கட்டோடு வரும் இருளர் பெண்ணும் சேரிப் பெண்ணும் அத்துமீறியவர்களா?

2006 வன உரிமைச் சட்டம் காப்புக்காட்டுக்கும் தேசியப் பூங்காவுக்கும் பொருந்தும். காட்டை நம்பி வாழ்வோர் சுள்ளி சேகரிக்க அது உரிமை தருகிறது. ஊருக்குச் சாலை தேவையென்றால், கிராமசபை பரிந்துரைத்தால், ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை அரசு ஒதுக்கலாம்.

ஆனால் சட்டம் எல்லோரையும் ஒரே தராசில் நிறுக்கவில்லை. பழங்குடியினரான இருளர், 13.12.2005-க்கு முன்பிருந்தே காட்டைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்டினால் போதும். தலித்துகளோ மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள் காட்ட வேண்டும். பட்டாவே இல்லாதவரிடம் ஆவணம் ஏது? உரிமை கோராத முதியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்கினால் அதுவும் சான்று என்கிறது விதி 13. கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் அடுத்த கிராமசபைக்குள் அதை எழுதி வாங்குங்கள், ஊர்ப் பாட்டிமார் இருக்கும்போதே.