சாக்கடையில் ஊற்றும் பால்

சில மாதங்களுக்கு முன் மயிலாப்பூரில் ஒரு கூட்டுறவுச் சிற்றுண்டிச் சாலையின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். பின்கட்டில் அண்டா நிறையப் பாலைத் திரித்துப் பனீர் எடுத்துக்கொண்டிருந்தனர். கட்டியைத் துணியில் முடிந்து பாரம் ஏற்றினர். இளம் பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் வடிந்த தெளிநீரைக் குடங்குடமாகச் சாக்கடையில் கொட்டினர். "அது வெறும் தண்ணீர்தானே, ஸார்" என்றார் சமையற்காரர். ஏட்டைப் புரட்டினோம். வாங்கிய பால் பதிவாகியிருந்தது. எடுத்த பனீரும் பதிவாகியிருந்தது. தெளிநீருக்கு ஒரு வரிகூட இல்லை.

வெறும் தண்ணீரா அது? 100 லிட்டர் பாலைத் திரித்தால் 15 முதல் 20 கிலோ வரை பனீர் கிடைக்கிறது. ஏறக்குறைய 80 லிட்டர் தெளிநீராக வெளியேறுகிறது. அதில் நூற்றுக்கு ஆறு பங்கு திடப்பொருள். பெரும்பகுதி பாற்சர்க்கரை; அத்துடன் தாது உப்புக்களும், சிறிது புரதமும், அந்த நிறத்தைத் தரும் ரிபோஃபிளேவின் என்னும் வைட்டமினும் உண்டு. கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 5 கிலோ உணவுப்பொருள்; பாலில் இருந்த திடப்பொருளில் மூன்றில் ஒரு பங்கு. கிராமச் சங்கத்தில் பால் ஊற்றும் அங்கத்தினருக்குக் கொழுப்பையும் கொழுப்பல்லாத திடப்பொருளையும் அளந்தன்றோ விலை தருகிறோம்? பாற்சர்க்கரை அந்த இரண்டாவது கணக்கில் அடங்கியது. விலை கொடுத்து வாங்கியதையே சாக்கடைக்குத் தானம் செய்கிறோம். சாக்கடைக்கும் அதனால் கேடுதான். தெளிநீர் அழுகும்போது வீட்டுக் கழிவுநீரைக் காட்டிலும் நூறு மடங்கு அளவுக்குப் பிராணவாயுவை உறிஞ்சிவிடும். அடையாற்றுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இருக்கும் துன்பம் போதாதா?

சோறு வடித்த கஞ்சியைப் பாவுக்கு இட்டு நூலுக்கு உரமேற்றியவர்கள் நம் நெசவாள அங்கத்தினர்கள். ஒரு தொழிலின் வடிநீர் மற்றொன்றுக்கு முதலாகும் என்பதை அவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்விட்சர்லாந்தில் பால் தெளிநீரைக் கொண்டு ரிவெல்லா என்னும் பானத்தை 1952-ல் விற்கத் தொடங்கினர், இன்றும் விற்கிறார்கள். நார்வே நாட்டார் தெளிநீரைக் கிண்டிச் சுண்டவைத்துப் பழுப்பு நிறக் கட்டியாக்கி ரொட்டியுடன் உண்கின்றனர். நம் நாட்டிலேயே, குஜராத்தின் பாலன்பூரில், பனாஸ் கூட்டுறவுப் பால்பண்ணை சீஸ் தயாரிப்பையும் தெளிநீர்ப் பொடித் தயாரிப்பையும் விரிவாக்கியது; 2022 ஏப்ரலில் அவை தொடங்கி வைக்கப்பட்டன. அமுல் பெயரில் தெளிநீர்ப் புரதப் பொடியும் விற்பனையாகிறது. தியாகராய நகர்க் கடைகளில் உடற்பயிற்சி செய்யும் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுத்து வாங்கும் டப்பாக்களில் இருப்பதும் அந்தப் புரதமே.

இதைக் கண்டு, நமது சங்கங்களும் உடனே புரதப் பொடி ஆலை கட்ட வேண்டும் என்று சில நண்பர்கள் பேசுகின்றனர். நாம் அதற்கு உடன்படவில்லை. சீஸுக்குப் பாலை வெதுவெதுப்பான சூட்டில் உறைய வைக்கிறார்கள். ஆகவே தெளிநீர்ப் புரதம் நீரிலேயே தங்குகிறது. பனீருக்கோ பாலை ஏறக்குறைய கொதிநிலை வரை காய்ச்சிப் பிறகு புளிப்பு இடுகிறோம். அச்சூட்டில் அப்புரதம் இறுகிப் பனீருடனேயே ஒட்டிவிடுகிறது. நம்மிடம் மிஞ்சுவது புரதம் குறைந்த, புளித்த நீர். மேலும் நூற்றுக்கு 94 பங்கு தண்ணீரை ஆவியாக்கிப் பொடி எடுக்க எரிபொருட் செலவு என்ன ஆகும்? நாளொன்றுக்கு நூறு லிட்டர் கையாளும் சங்கம் அதில் கை வைத்தால் முதலே கரைந்துபோகும்.

சிறிய சங்கம் செய்யத்தக்கது வேறு. தெளிநீரைச் சூடு ஆறுமுன் தூய பாத்திரத்தில் வடிகட்டி, மீண்டும் காய்ச்சிக் குளிரவைத்து, அன்றன்றே பயன்படுத்திவிட வேண்டும். சப்பாத்தி மாவு பிசையலாம், ரசத்தில் சேர்க்கலாம். இஞ்சியும் உப்பும் கறிவேப்பிலையும் இட்டால் கோடையில் மோருக்கு ஒரு தம்பியாகும். பழச்சாறு கலந்த தெளிநீர்ப் பானங்களைக் கர்னாலில் உள்ள தேசியப் பால் ஆராய்ச்சி நிலையத்தார் முன்பே செய்து காட்டியிருக்கின்றனர். (பாற்சர்க்கரை சீரணியாதவர்கள் விலகியிருப்பது நலம்.) பொடியும் பாற்சர்க்கரையும் எடுக்கும் வேலை, பெரிய நிலையங்களை உடைய ஒன்றியங்களுக்கும் இணையத்துக்கும் உரியது, தெளிநீர் மிகுதியாகச் சேரும் இடத்தில்தான் அது கட்டுப்படியாகும்.

ஆனால் எதைச் செய்தாலும் ஏட்டில் அதற்குத் தனிப் பத்தி வேண்டும். எத்தனை லிட்டர் வடிந்தது, எங்கே போயிற்று, என்ன வந்தது என்பது எழுதப்பட வேண்டும். வந்த தொகை பொதுச் செலவில் மறைந்துவிடாமல், பால் ஊற்றியவருக்கு ஊற்றிய அளவின்படி ஊக்கத் தொகையாகத் திரும்ப வேண்டும். பேரவைக் கூட்டத்தில் அங்கத்தினர் எவரும் எழுந்து இதைக் கேட்கலாம். கேட்பதற்கு உரிமை உண்டு.

சென்ற மாதம் அந்தச் சிற்றுண்டிச் சாலைக்கு மறுபடியும் சென்றோம். ஏட்டில் 'தெளிநீர்' என்று கோடு போட்டு, "மாவு பிசைய 2 குடம்" என்று எழுதியிருந்தார்கள். மற்றக் குடங்கள் எங்கே என்று வினவினோம். சமையற்காரர் சற்றுத் தயங்கிப் பின்கட்டுச் சாக்கடையைக் காட்டினார்.