பேய்ப் படத்துக்கு இரண்டாம் பாகம் தேவையா?

தர்மபுரி மாவட்டத்தில் ஒரு கூலிக் குடும்பம் சினிமாவுக்குப் போனால், ஒரு நாள் கூலி கரைந்துவிடும். டிக்கெட்டு, பஸ், பிள்ளைகளுக்கு முறுக்கு எல்லாம் அதில்தான். பேய்ப் படம் என்று நம்பிப் போகிறவர்களுக்குக் கொஞ்சமாவது பயம் கிடைக்க வேண்டாமா?

ராகவா லாரன்ஸ் டைரக்ட் செய்து நடித்த "காஞ்சனா" 2011-ல் வந்தது. அதில் கதாநாயகன் பெரும் கோழை. இருட்டினால் தாயை விட்டு நகர மாட்டான். அவன் நடுங்க நடுங்க, கொட்டகையே சிரித்தது, கூடவே நடுங்கியது. பேயாக வரும் திருநங்கையின் துயரக் கதை தாய்மார்களைக் கண்கலங்க வைத்தது.

அதே கதையை லாரன்சே இந்தியில் "லட்சுமி" என்று எடுத்தார். அக்‌ஷய் குமார் நடித்தார். 2020 நவம்பரில் வந்தது. பலருக்கும் ஏமாற்றம்! காரணம் என்ன? அந்தக் கோழையைக் காணோம். பேயே கிடையாது என்று ஊருக்குச் சொல்லும் தைரியசாலி வந்துவிட்டான். பயப்பட ஆள் இல்லாத வீட்டில் பேய்க்கு என்ன வேலை?

இப்படிச் சறுக்கிய படத்தை, இரண்டாம் பாகம் எடுத்துத் தூக்கி நிறுத்த முடியுமா?

முடியும். "காஞ்சனா"வே ஓர் இரண்டாம் பாகம்தான். 2007-ல் வந்த "முனி"யின் தொடர்ச்சி அது. முன்னதைவிடப் பின்னதற்கே பெயர் அதிகம்.

ஆனால் எல்லாருக்கும் இது கைகூடாது. 1993-ல் வந்த மலையாளப் படம் "மணிச்சித்திரத்தாழ்". அதைப் பி.வாசு கன்னடத்தில் "ஆப்தமித்ரா" (2004) என்றும், தமிழில் "சந்திரமுகி" (2005) என்றும் எடுத்தார். இரண்டும் நன்றாக ஓடின. பிறகு இரண்டுக்கும் அவரே இரண்டாம் பாகம் எடுத்தார். கன்னடத்தில் "ஆப்தரட்சகா" 2010-ல் வெற்றி பெற்றது. தமிழில் "சந்திரமுகி 2" 2023-ல் ஏமாற்றியது. டைரக்டர் ஒருவரே, பலன் வேறு!

ஆகவே பெயரும் காப்பாற்றாது. பழைய டைரக்டரும் போதாது. பெரிய நடிகரும் பெரிய சத்தமும் பேயைப் பயங்கரமாக்கிவிடாது. முதல் படத்தில் எது தொலைந்ததோ, அதைத் தேடி எடுக்க வேண்டும். "லட்சுமி"யில் தொலைந்தது ஒரு சாதாரண மனிதனின் பயம். அதைத் திருப்பிக் கொடுத்தால் இரண்டாம் பாகம் பிழைக்கும்.

பட முதலாளிக்கு ஒரு படம் போனால் இன்னொரு படம். கூலிக்காரருக்குப் போனது போனதுதான். அதை நினைத்து இரண்டாம் பாகம் எடுக்கட்டும்!