மூட்டைக்குக் காவல்

நம் குடும்பங்கள் யாத்திரை போவதில் ஒரு சம்பிரதாயம் உண்டு. வீட்டில் இருக்கும் கிழவியின் பெயரைச் சொல்லிக்கொண்டு புறப்படுவார்கள். திரும்புகிற வழியில் அந்தக் கிழவியையே மூட்டைக்குக் காவலாக உட்கார்த்திவிடுவார்கள். எனக்குத் தெரிந்து இதை ஒருவரும் குற்றமாக நினைப்பதில்லை. ஆகவே நான் எழுத வேண்டியதாயிற்று.

தென் ஜில்லாக்களிலிருந்து திருப்பதிக்குப் போகிறவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். “அம்மாவுக்குப் பெருமாளைச் சேவிக்க வேண்டுமாம்” என்று ஆபீசில் லீவு வாங்கியாகிறது. மலை ஏறித் தரிசனமும் ஆகிறது. வெள்ளிக்கிழமை இரவு சென்னைக்கு வந்து இறங்குகிறார்கள். ஊர் திரும்ப எழும்பூரில் ஞாயிற்றுக்கிழமை இரவுதான் ரயில். இடையில் இரண்டு பகல் இருக்கிறது. குழந்தைகளுக்குப் பட்டணத்தைக் காட்டிவிடலாம் என்று தீர்மானிக்கிறார்கள். நல்ல தீர்மானந்தான். ஆனால் அந்தத் தீர்மானத்தில் அம்மா எங்கே இருக்கிறாள்?

எழும்பூர் லாட்ஜ் ஒன்றில் நான் தங்கியிருந்தபோது எதிர் அறையில் இப்படி ஒரு குடும்பம் இருந்தது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மகன், மருமகள், மூன்று குழந்தைகள் எல்லோரும் கிளம்பினார்கள். “உனக்கு ஏம்மா சிரமம்? ரூம்லயே படுத்திரு. பையெல்லாம் இருக்கு பாரு” என்றான் மகன். “நீங்க போயிட்டு வாங்கடா, எனக்கென்ன” என்றாள் தாய். சாயங்காலம் நான் திரும்பி வந்தபோது, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். சாப்பிட்டீர்களா என்று விசாரித்தேன். “ஆச்சு தம்பி, இட்லி வாங்கி வச்சுட்டுத்தான் போனான்” என்றவள், சற்றுப் பொறுத்து, “கடல் இங்கேயிருந்து ரொம்பத் தூரமா?” என்று கேட்டாள். ஆட்டோவில் ஏறினால் கால் மணி நேரம். அதை அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“அவளேதான் வரவில்லை என்றாள்” என்று வாதிப்பார்கள். வாஸ்தவம். ஐம்பது வருஷமாக எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, “எனக்குப் பசியில்லை” என்று சொல்லப் பழகியவள் வேறு என்ன சொல்வாள்? “உனக்கு ஏன் சிரமம்?” என்று கேட்பது கேள்வியா? பதிலையும் நாமே எழுதி, கையெழுத்துக்கு அவளிடம் நீட்டுகிறோம். “கடலுக்குப் போகலாம், எழுந்திரு அம்மா” என்று எத்தனை மகன்கள் சொல்கிறார்கள்?

அடுத்த வாதம் முழங்கால். மணலில் அவளால் நடக்க முடியாதாம். நடக்க முடியாதவர்களும் அலைக்குப் பக்கத்தில் போய்க் கடலைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே, 2022 நவம்பரில் மெரினா மணலின் மேல் மரத்தால் ஒரு பாதை போட்டுத் திறந்தார்கள். சக்கர நாற்காலியே அதில் போகலாம். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் வந்து அதைச் சிதைத்தது. மறுபடி செப்பனிட்டார்கள். முன்பின் தெரியாத கிழவிகளுக்காகப் பட்டணம் இவ்வளவு பாடுபடுகிறது. பெற்ற பிள்ளை ஓர் ஆட்டோவைக் கூப்பிட யோசிக்கிறான்! 2015 முதல் ஓடுகிற மெட்ரோ ரயிலின் நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது. முழங்கால்மேல் பழி போட்டது போதும்.

மூட்டை திருட்டுப் போய்விடுமே என்றால், ரயில் நிலையத்துக் கிளோக் ரூம் எதற்காக இருக்கிறது? டிக்கெட்டைக் காட்டி, பூட்டிய பெட்டியைக் கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கூலியை மிச்சம் பிடிக்கத்தானே பெற்றவளைப் பெட்டியோடு பெட்டியாக வைக்கிறார்கள்?

இதில் நஷ்டம் அவளுக்கு மட்டுமல்ல. எழும்பூர் நிலையத்துக்குக் கிட்டத்திலேயே 1851-ல் ஏற்பட்ட அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. திருவாலங்காட்டு நடராஜரும் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரும் அங்கே நிற்கிறார்கள். காலடியில் கிடக்கும் குள்ளன் யார், ஒரே உடம்பில் ஆணும் பெண்ணும் எப்படி என்று குழந்தை கேட்கும். அப்பாவுக்குத் தெரியாது. கைப்பேசியில் தேடுவதற்குள் குழந்தை அடுத்த கூடத்துக்கு ஓடிவிடும். அந்தக் கதையை உட்காரவைத்துச் சொல்லக்கூடிய ஒரே ஜீவன் லாட்ஜில் பைகளை எண்ணிக்கொண்டிருக்கிறது. பாட்டியை விட்டுவிட்டுப் போகிற குழந்தைகள் பார்ப்பது வெறும் வெண்கலந்தான்.

ஆனால் நம்மவர்களுக்கு இரண்டு நாளில் பத்து இடம் பார்த்தாக வேண்டும். கிழவி வந்தால் பத்து நாலாகிவிடும். உண்மையான காரணம் அதுதான். ஆகட்டுமே! காலையில் அருங்காட்சியகம், வெயில் தாழ்ந்தபின் கடற்கரை. ஒரு நாளுக்கு இது போதும். ரங்கநாதன் தெருவை மறுநாள் பார்த்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

இவ்வளவுக்குப் பிறகும் யாராவது ஒருவர் காவல் இருந்துதான் தீர வேண்டும் என்றால், முழங்கால் நன்றாயிருக்கிற மகனே இருக்கட்டும். அவன் அடுத்த வருஷமும் சென்னைக்கு வரலாம், அதற்கடுத்த வருஷமும் வரலாம். தாய்க்கு அப்படி எத்தனை சனிக்கிழமைகள் மிச்சம் இருக்கின்றன என்று அவன் அறையில் தனியே உட்கார்ந்து கணக்குப் பார்க்கட்டும்.