ரேஷன் கார்டு படமும் ஒரு பழைய கேமராவும்

நம் காலனிகளில் அண்ணல் அம்பேத்கர் படம் மாட்டாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்தப் படத்துக்குப் பக்கத்தில் தாத்தா, பாட்டி படம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அது பெரும்பாலும் அவர்கள் செத்த பிறகு ரேஷன் கார்டிலிருந்தோ வாக்காளர் அட்டையிலிருந்தோ பெரிதாக்கி மாலை போட்டதாக இருக்கும். எழுபது வருட வாழ்க்கையில் மிச்சம், அரசாங்கத்துக்கு முன்னால் மிரண்டு உட்கார்ந்திருந்த அந்த ஒரு நொடிதான்.

பர்கூர், ஓசூர் பக்கம் படிக்கும் தம்பி தங்கைகள் சிலர், பழைய ஃபிலிம் கேமரா வாங்கலாமா என்று கேட்கிறார்கள். "அது பணக்காரப் பிள்ளைகளின் ஃபேஷன், நமக்கெதற்கு?" என்று முகம் சுளிக்கும் தோழர்களும் உண்டு. லட்சங்கள் கொடுத்து லைகா வாங்கி அலமாரியில் பூட்டுகிறவர்களைப் பற்றி என்றால் அது சரிதான். நான் சொல்வது லைகாவின் ஏழைச் சொந்தக்காரனை. 1934-ல் உக்ரைனின் கார்கிவ் நகரில், ஆதரவற்ற பிள்ளைகள் வாழ்ந்த ஒரு தொழில் கம்யூனில், லைகாவைப் பார்த்து அதேபோல் செய்யத் தொடங்கிய கேமரா ஃபெட். (சோவியத் ரகசியப் போலீஸை நிறுவிய டிசெர்ழின்ஸ்கியின் பெயரின் முதலெழுத்துகள் அவை. போலீஸ்காரர் பெயரில் கேமரா என்றால் நமக்குக் கொஞ்சம் கசக்கும், இருக்கட்டும்.) பின்னால் வந்த ஃபெட்-2, ஸோர்கி-4 இன்றும் சில ஆயிரங்களில் கிடைக்கின்றன. இவற்றுக்குப் பேட்டரியே வேண்டாம். யாஷிகா எலக்ட்ரோ 35 அழகானதுதான், ஆனால் அது கேட்கும் பாதரச பேட்டரி இப்போது தயாரிப்பில் இல்லை. முதல் கேமராவாக அது வேண்டாம்.

வாங்கும்போது லென்ஸையும் பின்மூடியையும் கழற்றி, ஷட்டர் துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். மூடி போடாமல் வெயிலில் விட்ட ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸே பூதக்கண்ணாடியாகித் துணியைப் பொசுக்கியிருக்கும். ஊசித்துளை என்றால் கறுப்புத் துணிச்சாயம் தொட்டு அடைத்துவிடலாம். அடுத்தது ஃபோகஸ். பார்க்கும் துளையில் ஒரே பொருள் இரண்டாகத் தெரியும், லென்ஸைத் திருப்பத் திருப்ப இரண்டும் ஒன்றாக வேண்டும். லென்ஸை முடிவிலியில் வைத்து நிலாவைப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நிலா தெரிந்தால், முன்பக்கச் சின்னத் திருகைக் கழற்றி, உள்ளே இருக்கும் இன்னொரு திருகை மெல்லத் திருப்பினால் சரியாகும். வாட்ச் ரிப்பேர்க்காரர் வைத்திருக்கும் ஸ்க்ரூடிரைவர் போதும். ஷட்டரை ஏற்றிய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே உடையும்.

மேலே உறை உரிந்திருந்தால் ஆம்பூர், வாணியம்பாடியில் கழித்துப்போடும் மெல்லிய தோல் துண்டு போதும், வெட்டி ஒட்டிவிடலாம். தோலைத் தொட்ட கை என்றுதானே நம்மை ஊருக்கு வெளியே வைத்தார்கள்? ஃபிலிமுக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? பிளாஸ்டிக் பட்டையின் மேல் வெள்ளி உப்பைப் பிடித்துவைத்திருப்பது ஜெலட்டின். பெரும்பாலும் மாட்டு எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுப்பது. 1967-ல் ஊட்டியில் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' ஃபிலிமும் (பெயரைப் பார்த்து மிரளாதீர்கள், நிலா என்று பொருள்) ஜெலட்டின் இல்லாமல் வரவில்லை. அக்ரகாரத்துக் கல்யாண ஆல்பம், ஜமீன் குரூப் போட்டோ, கும்பாபிஷேகப் படம் எல்லாம் அதன்மேல் பதிந்தவைதான். அங்கே தீட்டு எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. எலும்பு நம் தெருவிலிருந்து போனது, படம்தான் திரும்பி வரவில்லை.

போனில் எடுத்தால் ஆகாதா? எடுங்கள். வன்கொடுமை நடக்கும் இடத்தில் போன்தான் வேண்டும். ஆனால் போன் உடைந்தால் பெரும்பாலும் படமும் போச்சு. 2012 நவம்பர் 7-ல் பக்கத்து மாவட்டமான தருமபுரியில் நத்தம் காலனியைக் கொளுத்தினார்கள். எரிந்த வீடுகளின் படங்கள் இன்றும் தேடினால் கிடைக்கும். அந்த வருடப் பொங்கலுக்கு அந்தத் தெரு எப்படி இருந்தது? அதை எடுக்க எந்தப் பத்திரிகையும் போயிருக்காது. எரிந்த பிறகுதான் நம்மைப் படம் பிடிக்க வருகிறார்கள்.

கறுப்பினப் புகைப்படக்காரர் கார்டன் பார்க்ஸின் முதல் கேமரா அடகுக்கடையில் வாங்கியதுதான். வாஷிங்டனில் அரசு அலுவலகத்தைத் துடைத்துவந்த எல்லா வாட்சனை, 1942-ல் அமெரிக்கக் கொடியின் முன் துடைப்பத்தோடு நிறுத்தி எடுத்தார். அந்தப் படத்தை உலகம் அறியும். எனக்கு அதைவிடப் பெரியது, அதன் பிறகு அவர் வாட்சனின் வீட்டுக்கும் தேவாலயத்துக்கும் போய் அவரைப் பேரப்பிள்ளைகளோடு எடுத்தது. நம் வாடிப்பட்டி ஜெய்சிங் நாகேஸ்வரன் 2020 ஊரடங்கில் தன் சொந்த வீட்டையே எடுத்தார்.

செலவு உண்டு, மறைக்கவில்லை. ஒரு சுருள் 500 ரூபாய்க்குக் குறையாது, அதில் 36 படம்தான். சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் அண்ணனின் ஒரு நாள் கூலி கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதனால் தனியாக வாங்காதீர்கள். விடுதி அறையில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு கேமரா வாங்குங்கள். கறுப்பு வெள்ளை ஃபிலிமைக் குளியலறையிலேயே நாமே கழுவிக்கொள்ளலாம். 36 மட்டும் என்பதால் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் எடுப்பீர்கள். நல்ல புடவை கட்டிக்கொள்ள அவருக்கும் நேரம் கிடைக்கும்.

நெகட்டிவும் எரியும் என்பீர்கள். எரியும்தான். அதனால் பெயரும் தேதியும் எழுதி நெகட்டிவை ஒரு வீட்டிலும் பிரிண்டை வேறு ஊரில் ஒரு வீட்டிலும் வையுங்கள்.