பெக்கோ பாதையில் கான் வெட்டுவது யார்?

ஹப்புத்தளையிலும் எல்லவிலும் வெளிநாட்டுக்காரர்கள் முதுகில் பையோடு நம் கொழுந்து மலைகளுக்குள் நடந்து போவதை இப்போது அடிக்கடி பார்க்கிறோம். அவர்கள் நடப்பது பெக்கோ நடைபாதை. கண்டி ஹந்தானையில் தொடங்கி, ஊவா தோட்டங்களைச் சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்கும் மேல். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவின் யுஎஸ்எயிட்டும் பண உதவி செய்தன.

பாதையை நாம் எதிர்க்கவில்லை. இருந்த வழிகளையே கோத்து எடுத்திருக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் "வெள்ளைக்காரர் போட்ட குதிரைப் பாதை" என்று சொல்லும்போது நமக்குச் சுருக்கென்கிறது. குதிரையில் போனவர் துரை. கல் உடைத்ததும் கரை கட்டியதும் கான் வெட்டியதும் நம் பாட்டன் பூட்டன்மார். இன்றும் பெரட்டுக்குப் போகும் அம்மாமாரும் பள்ளிக்கூடம் வரும் பிள்ளைகளும் இந்த வழிகளில்தான் நடக்கிறார்கள்.

மலைப்பாதை ஒருமுறை வெட்டினால் அப்படியே நிற்காது. நடக்கிற காலைவிட ஓடுகிற தண்ணீர்தான் அதைத் தின்னும். ஐப்பசி மழைக்கு முன் ஓரக்கானில் மண் அள்ள வேண்டும். குறுக்கே கான் வெட்டித் தண்ணீரைத் திருப்ப வேண்டும். சரிந்த கல்லுக்கரையை உடனே அடுக்க வேண்டும். விட்டால் பாதையே ஓடையாகி லயத்துப் பக்கம் இறங்கும். மழையில் மலை இறங்கினால் என்னவாகும் என்பதை, 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையைப் பறிகொடுத்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த வேலையை வெளிநாட்டு உதவி வருடா வருடம் வந்து செய்யாது. யுஎஸ்எயிட்டே 2025இல் மூடப்பட்டுவிட்டது. கொழுந்து வராத வேலைக்குக் கம்பனி ஆள் போடுமா? கடைசியில் சிரமதானம் என்று ஞாயிற்றுக்கிழமை நம்மைத்தான் கூப்பிடுவார்கள். கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சிரமதானம் செய்வோம். வியாபாரத்துக்குச் செய்ய மாட்டோம்.

பெரு நாட்டில் இன்கா பாதை உலகப் புகழ் பெற்றது. அங்கே சுற்றுலாப் பயணிகளின் மூட்டையைச் சுமப்பவர்களுக்காக 2001இல் ஒரு சட்டம் வந்தது. ஒருவர் தலையில் 20 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது, கூலி இவ்வளவுக்குக் குறையக் கூடாது என்று அது வரையறுத்தது. மீறல்கள் இல்லாமல் இல்லை. ஆனாலும் கேட்பதற்குக் கையில் ஒரு சட்டம் இருக்கிறது.

நிலம் அரசாங்கத்தினுடையது, குத்தகை கம்பனியினுடையது. ஆகவே இருவரிடமும் கேட்போம். பாதை போகும் ஒவ்வொரு டிவிசனிலும் அதைப் பராமரிக்க ஒரு வேலைக்குழு வேண்டும்: முழுப் பேர், ஊழியர் சேமலாப நிதியோடு. வேலையில்லாமல் கொழும்புக் கடைகளுக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு வழிகாட்டிப் பயிற்சி தமிழில் வேண்டும். இன்னொன்று, கொழுந்தெடுக்கும் பெண்களைக் கேட்காமல் படம் பிடிக்கக் கூடாது என்று பாதையோரப் பலகையில் எழுத வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் டிவிசனில் பாதை எங்கே உடைந்திருக்கிறது, எந்தக் கான் அடைபட்டிருக்கிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள். பேச்சுவார்த்தைக்கு அந்தப் பட்டியலோடுதான் போகப்போகிறோம்.